கண் முன்னால் இருக்கும் சாவி

ஒன்பது வயதுக் குழந்தை எண்களால் பூட்டி வைத்திருக்கும் ஒரு வரியை, அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்த அம்மா திறந்து படிக்கலாமா?

சில வாரங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். என் கணவரிடம் கேட்டேன். "படிக்கத் தெரிஞ்சா படிச்சுப் போடு. இதுக்கு எதுக்கு இவ்வளவு ரோசனை?" என்றார். அவருக்கு எல்லாமே அப்படித்தான். நான் காஸ் வால்வை மூடிவிட்டு வந்து, மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்து, பார்க்கும்போது கை பட்டுத் திறந்திருக்குமோ என்று மறுபடியும் போகிறவள். இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில் பூட்டுத் திறக்கும் திறமை வந்து சேர்ந்திருக்கக் கூடாது. சேர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் ஓர் அக்கா. அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்வியை என்னால் சரியாகக் கேட்க முடியாது.

மகள் பிறப்பதற்கு முன் பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்தேன். அக்கா எனக்குப் பக்கத்து மேசை. எந்த ஊர்க் கடைக்கு எந்த லாரியில் எத்தனை மோட்டார் போகிறது என்று அட்டவணை போடுவது அவர் வேலை. அப்போது அவருக்கு நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். மதுக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். புடவை மடிப்பு பஸ் இறங்கின பிறகும் அப்படியே இருக்கும். அவரைப் பற்றி அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "ரொம்ப அமைதிங்க."

அமைதி என்றால் சாதாரண அமைதி இல்லை. மற்றவர்களிடம் பேசுவார், சிரிப்பார், ஏனுங்க என்னுங்க என்று விசாரிப்பார். தனக்கு ஒன்று வேண்டும் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். தலைக்கு மேல் ஃபேன் நின்றுவிட்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அட்டவணை போடுவார். டீ கொண்டுவரும் அம்மா இவர் மேசையை விட்டுவிட்டுப் போனால் கூப்பிட மாட்டார். ஆனால் மறுநாள் காலை, அலுவலகச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையின் கீழ் மூலையில் எண்கள் இருக்கும். மேலே லாரி விவரம், கீழே அக்காவின் எண்கள். நாங்கள் ஆளுக்கொரு பேனாவோடு உட்கார்ந்து கழித்துக் கூட்டிக் கண்டுபிடித்தால், "நேற்று எனக்குத் தேநீர் வரவில்லை" என்று இருக்கும்.

அந்த எண் விளையாட்டு அவரே செய்தது. மிகவும் எளிது. க முதல் ன வரை மெய்யெழுத்துகளுக்கு ஒன்று முதல் பதினெட்டு. அ முதல் ஔ வரை உயிரெழுத்துகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு எண்; முதலில் மெய், அடுத்து உயிர். 'மா' என்றால் 10-2. புள்ளி வைத்த எழுத்தில் உயிர் கிடையாது, அதனால் அந்த இடத்தில் பூஜ்யம். தனி உயிரெழுத்துக்கு முன்னால் மெய் கிடையாது, அங்கேயும் பூஜ்யம். 'அம்மா' என்பது 0-1, 10-0, 10-2. இவ்வளவுதான் வாய்ப்பாடு.

இதோடு நிறுத்தினால் யார் வேண்டுமானாலும் படித்துவிடுவார்கள் என்று அதன் மேல் ஒரு சாவி போடுவார். சாவி ஓர் எண். எல்லா எண்களோடும் அதைக் கூட்டிவிட வேண்டும். சாவி மூன்று என்றால் 'அம்மா' 3-4, 13-3, 13-5 ஆகிவிடும். பூஜ்யம் இருந்த இடமே தெரியாது. அன்றைய சாவி என்ன என்று அவர் சொல்ல மாட்டார். "கண்ணு முன்னாடிதானுங்க இருக்குது" என்பார். உண்மையிலேயே கண் முன்னால்தான் இருக்கும். வாசலில் நிற்கும் லாரிகளின் எண்ணிக்கை, எரியாத டியூப்லைட்டுகள், மேனேஜர் சட்டைப் பையில் இருக்கும் பேனாக்கள், இப்படி ஏதாவது ஒன்று. நாங்கள் அந்தப் பொருளைச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கழித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதை அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் ஒருமுறை அப்படிச் செய்து, விடையை உரக்கப் படித்தார்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று அக்கா கேட்டார்.

"கழிச்சுக் கழிச்சுப் பார்த்தேனுங்கக்கா. அஞ்சுல வந்துருச்சு."

"அஞ்சுன்னா எதுங்க?"

"அது எதா இருந்தா என்னங்க?"

"அப்ப கள்ளாட்டமுங்க" என்றார் அக்கா. அன்றைக்குப் பரிசாக வைத்திருந்த இனிப்புக் கச்சாயத்தை டப்பாவோடு மூடி உள்ளே வைத்துவிட்டார். அவர் சுட்ட கச்சாயத்துக்காகத்தான் பாதி ஆபீஸ் தமிழ் எழுத்து வரிசையை மறுபடியும் மனப்பாடம் செய்திருந்தது. சூப்பர்வைசர் அதற்குப் பிறகு ஒழுங்காக லாரிகளை எண்ண ஆரம்பித்தார்.

இதில் இன்னொரு விஷயம். அக்கா வாயால் பேசுவது முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சு. எண்ணில் எழுதும்போது சுத்தமான எழுத்துத் தமிழ். ஏன் என்று கேட்டதற்கு, "கண்டுபிடிக்கறவங்க பாவம், அம்மணி. அவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சா நல்ல தமிழா இருக்க வேண்டாமா?" என்றார். ஸ, ஜ போன்ற எழுத்துகளுக்கு வாய்ப்பாட்டில் எண் கிடையாது. அதனால் பஸ் பேருந்தாகிவிடும், ஜன்னல் சாளரமாகிவிடும். "சாளரத்தைச் சாத்தவும்" என்று ஒருநாள் பலகையில் வந்தது. அதைக் கண்டுபிடித்தபோது மழை நின்று ஒருமணி நேரம் ஆகியிருந்தது.

ஆரம்பத்தில் எனக்கு இந்த எண்களைப் பார்த்தாலே பயம் வந்துவிடும். யாரோ மறைக்கிறார் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். என்னைப் பற்றி இருக்குமோ, வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்களோ என்று யோசித்துக்கொண்டே கழிப்பேன். விடை "இன்று உப்புமா" என்று வரும். மனது ஆறும். மறுநாள் மறுபடியும் கலங்கும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏனுங்கக்கா, உப்புமான்னு சொல்றதுக்கு எதுக்குங்க இவ்வளவு மறைக்கணும்?"

"மறைக்கறதுக்கில்ல, அம்மணி. தேடறதுக்கு" என்றார். சொல்லிவிட்டு உப்புமா டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

மேனேஜர் பிறந்தநாளுக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரியில் கேக் சொல்லியிருந்தோம். வாசகத்தை எழுதித் தரும் பொறுப்பை யாரோ தெரியாமல் அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். மதியம் பேக்கரியிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"மேடம், கேக் மேல போன் நம்பர் எழுதச் சொல்லியிருக்கீங்க. எழுத எழுத முடிய மாட்டேங்குதுங்க. வெளிநாட்டு நம்பருங்களா?"

அக்கா போனை வாங்கி, "அப்படியே எழுதிக் குடுங்க, அவங்க கண்டுபிடிச்சுக்குவாங்க" என்றார்.

சாவி, கேக்கில் குத்தும் மெழுகுவத்திகளின் எண்ணிக்கை. பேக்கரிக்காரர் நல்ல மனிதர். வாடிக்கையாளர் என்று ஒரு மெழுகுவத்தி சும்மா சேர்த்துக் கொடுத்துவிட்டார். அதையும் குத்தினோம். கழித்துப் பார்த்தால் ஒரு சொல்லும் வரவில்லை. நாங்கள் காகிதத்தில் போராடிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் பசி தாங்காமல் வெட்டிவிட்டார். முதல் வரி முழுக்கப் போய்விட்டது. என்னதான் எழுதியிருந்தீர்கள் என்று அவர் பிற்பாடு பலமுறை கேட்டார்.

"அது போயிருச்சுங்க சார். நீங்க சாப்பிட்டுப் போட்டீங்க" என்றார் அக்கா. கடைசி வரை சொல்லவில்லை.

நான் கர்ப்பமானதை முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். சொல்லக் கூடாது என்றால் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல் இருந்தது. அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை பலகையில் எண்கள். நான் சீட்டில் உட்கார முடியாமல் தவித்தேன். எழுந்து போய் அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அழித்தால் ஏன் அழித்தாய் என்பார்கள். எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகக் கணக்குப் போட்டேன். சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "மாங்காய் கொண்டு வந்திருக்கிறேன்" என்று உரக்கப் படித்தார். அக்கா டப்பாவைத் திறந்தார். உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய். சூப்பர்வைசரே பாதியைத் தின்றுவிட்டார். மீதி எனக்கு வந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அப்போதுதான், அக்கா சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் நடுவில் ஓர் இடம் வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

பயந்தது சரிதான் என்று சில மாதங்களில் தெரிந்தது.

அன்றைக்குக் காலையில் பலகையில் இருந்தது இது: 14-1, 11-3, 17-5. கொஞ்சம் இடம் விட்டு, 14-1, 13-3, 1-0, 1-5, 7-5, 2-0, 1-1.

எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வழக்கம்போல் சாவியைத் தேட ஆரம்பித்தோம். லாரிகளை எண்ணினோம். ஓடும் ஃபேன்களை எண்ணினோம், ஓடாத ஃபேன்களை எண்ணினோம். மேனேஜரை எழுந்து நிற்கச் சொல்லிப் பேனாக்களை எண்ணினோம். எதைக் கழித்தாலும் உளறலாகத்தான் வந்தது. அதோடு, பூஜ்யத்திலிருந்து எப்படிக் கழிப்பது என்று புதுச் சிக்கல் வேறு. அதற்கு முன் பலகையில் பூஜ்யத்தைப் பார்த்ததே இல்லை.

"பூஜ்யம்னா பத்துங்க. போன்ல ஒம்பதுக்கு அப்புறம் அதுதானே வருது" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டு மறுபடியும் கழித்தோம்.

அக்கா மேசை மேல் நெற்றியை வைத்திருந்தார். தோள் லேசாகக் குலுங்கியது.

"பாருங்க, நம்மளப் பாத்து சிரிக்கறாங்க" என்றார் சூப்பர்வைசர். "அக்கா, இன்னிக்கு விட மாட்டோமுங்க. கச்சாயத்தை வெளிய எடுத்து வைங்க."

சாப்பாட்டு நேரம் வந்தது. அக்கா டப்பாவைத் திறக்கவில்லை. நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பலகையைப் பார்த்தேன். சாவி போட்டால் பூஜ்யம் மறைந்துவிடும். பூஜ்யம் மறையவில்லை. அப்படியென்றால் சாவி போடவில்லை. இவ்வளவுதான் நான் யோசித்தது. வாய்ப்பாட்டைத் தெரிந்தவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கலாம். ஆட்டத்தில் நன்றாகத் தேறியிருந்ததால் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

வயிறு வலிக்குதுங்க.

எண்ணில் அவர் பேச்சு வழக்கில் எழுதியது அந்த ஒருமுறைதான். வலி தாங்காத நேரத்திலும் கடைசியில் மரியாதைக்கு இரண்டு எழுத்து சேர்த்து, அதற்கும் எண் போட்டிருந்தார்.

அக்காவின் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மேனேஜரே காரை எடுத்தார். குடல்வால் வீங்கியிருந்தது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். உடனே ஆபரேஷன் செய்தார்கள்.

அவருடைய வீட்டுக்காரர் மதுக்கரையிலிருந்து ஓடி வந்தார். அக்காவுக்கு நேர் எதிர். மனதில் வருவதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பவர்.

"காலையிலேயே கேட்டேனுங்க, ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்குதுன்னு. ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிப்போட்டு பஸ் ஏறிருச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பஸ்ஸுல உட்டிருப்பனுங்களா?" என்றவர், "காலண்டர்ல என்னமோ நம்பர் எழுதிட்டுப் போயிருந்துச்சுங்க. நான் காஸ் புக் பண்ற நம்பர்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அது என்ன நம்பர் என்று அவர் கேட்டார். பலகையில் இருந்த அதே வயிற்றுவலியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். வராண்டாவில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது வழக்கமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பிறகு மருந்துக் கவரின் பின்பக்கத்தை நீட்டினார்.

"அம்மணி, அந்தக் கணக்கை எனக்குங் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

க, ங, ச, ஞ என்று விரல்விட்டு எண்ணிக் கற்றுக்கொண்டார். ஞ-வுக்குப் பிறகு எது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறினார். அன்று பின்மதியம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சொல் எழுதினார். அக்கா கண் விழித்துக் கொஞ்சம் தெளிந்ததும் கவரை நீட்டினார். அக்கா உதட்டை அசைத்துப் படித்தார். அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் எழுதியிருந்தது: "சாப்பிட்டாயா".

அக்கா தையல் மேல் கையை அழுத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால்தான் என்று நர்ஸிடம் சொன்னார்.

"பூஜ்யமெல்லாம் தெரியுதுங்க. சாவி போட்டு எழுதுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். "சாவி போடாம எழுதறது அவசரத்துக்கு மட்டுந்தான்."

நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. "வாயில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களாக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். புரியாத கேள்வியைக் கேட்டுவிட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"சொன்னேனே, அம்மணி" என்றார்.

பிரசவத்துக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பவில்லை. அக்கா பிற்பாடு மகனோடு வெளியூர் போய்விட்டார். எப்போதாவது போனில் பேசுவோம். நானே மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்த வாய்ப்பாடு, ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்த மகளைச் சிரிக்கவைக்க நினைத்தபோது தானாக வந்தது. மேனேஜர் கேக்கைத் தின்ற கதையைச் சொன்னேன். மாங்காய்க் கதையையும், சாளரத்தையும், சாவி கண் முன்னால் இருக்கும் என்பதையும் சொன்னேன். கள்ளாட்டம் கூடாது என்பதையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கதையை மட்டும் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். சாவி இல்லாமல் எழுதுவது அவசரத்துக்கு என்ற விதி அந்தக் கதைக்குள் இருந்தது. அதனால் அதுவும் விட்டுப்போனது.

மகள் வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டாள். ஃபிரிட்ஜ் கதவில் எண்கள் ஒட்ட ஆரம்பித்தாள். "நாய்க்குட்டி வேண்டும்." "அப்பா குறட்டை விடுகிறார்." எல்லாவற்றிலும் பூஜ்யம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பார்த்தவுடன் படித்துவிடுவேன், படிக்கக் கஷ்டப்பட்டதுபோல் நடிப்பேன்.

ஜூனில் அவளைப் பள்ளி மாற்றினோம். பழையதைவிட வீட்டுக்குப் பக்கம், பெரிய பள்ளி, எல்லோரும் நல்லது என்றார்கள். போன சில நாட்களில் சாப்பாட்டு டப்பா பாதியோடு திரும்பி வர ஆரம்பித்தது. என்ன சாமி, பிடிக்கலையா என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்றாள். கூட யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால், "எல்லாரும்தான்" என்றாள். வகுப்பு ஆசிரியையிடம் பேசினேன். "உங்க பொண்ணுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல மேடம். ரொம்ப அமைதி" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒருநாள் டப்பாவுக்குள், மீந்த சப்பாத்திக்கு மேல், மடித்த துண்டுக் காகிதம் இருந்தது. இரண்டு வரி எண்கள். ஒரு பூஜ்யம்கூட இல்லை. சாவி போட்டிருக்கிறாள்.

"இது என்ன கண்ணு?"

"கண்டுபிடி."

"சாவி?"

"கிளாஸ்ல இருக்கு. நான் சாப்பிடற இடத்துல, என் கண்ணு முன்னாடி."

எப்படியும் பத்துக்குள் இருக்கும் ஓர் எண். ஒவ்வொன்றாகக் கழித்தால் பத்து நிமிட வேலை. அவள் ஹோம்வொர்க் செய்துகொண்டிருக்கும்போது சமையலறையில் நின்றே முடித்துவிடலாம். பேனாவை எடுத்தேன். கள்ளாட்டமுங்க என்ற குரல் காதில் கேட்டது. பேனாவை வைத்துவிட்டு, "ஃபேனா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஃபேன் மூணு இருக்கு. ஒண்ணு ஓடாது. அதுக்கு மேல குருவிக்கூடு இருக்குன்னு மிஸ் சுவிட்ச் போட விட மாட்டாங்க."

ஜூன் முதல் அவள் அந்த வகுப்பைப் பற்றிச் சொன்ன முதல் விஷயம் அது.

அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு ஊகம் என்று வைத்துக்கொண்டோம். ஜன்னல்களா? இல்லை, ஒன்றில் கண்ணாடி உடைந்து அட்டை வைத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் படங்களா? இல்லை, அதில் ஒரு படத்தில் சிங்கத்துக்கு யாரோ மூக்குக் கண்ணாடி வரைந்துவிட்டார்கள், யார் என்று தெரியும், சொல்ல மாட்டேன். தண்ணீர்க் குழாய்களா? இல்லை, வரிசையில் நின்றால் இடிப்பார்கள். யார் இடிப்பார்கள்? "எல்லாரும்தான்." ஒவ்வொரு 'இல்லை'யோடும் ஏதாவது ஒன்று கூடவே வந்தது. நேராகக் கேட்டால் கிடைக்காதது தப்பாகக் கேட்டால் கிடைத்தது. நாள் முழுக்க, மாலை எதைத் தப்பாகக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம், "உன் பக்கத்துல உக்காந்து சாப்பிடற பசங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள். மற்ற 'இல்ல'களைவிட அது கொஞ்சம் தாமதமாக வந்தது. அதோடு எதுவும் கூட வரவில்லை.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தேன். வீட்டுக்காரர்தான் எடுத்தார். மூட்டுவலி, பேரனின் பல், அந்த ஊர்த் தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அக்காவிடம் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கழித்துப் பார்க்கலாமா, கூடாதா என்று கேட்டேன்.

"ரோசிச்சுச் சொல்றேன், அம்மணி" என்றார்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: 3-2, 9-0, 9-3, 5-0, 5-2, 16-2.

சாப்பிட்டாளா.

அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உப்புமா மாதிரி ஒரு சாதாரண விசாரிப்பு, ஒன்றும் கவலைப்படாதே என்கிறாரா? பிள்ளை டப்பாவைப் பாதியோடு கொண்டுவருகிறாள் என்று சொல்லியிருந்தேன், அதைக் கவனி என்கிறாரா? வீட்டுக்காரர் வராண்டாவில் உட்கார்ந்து எழுதிய அந்த முதல் சொல்லை நினைவுபடுத்துகிறாரா? அதைவிட, சாவி போடாமல் அனுப்பியிருக்கிறார். பூஜ்யமெல்லாம் தெரிகிறது. அவர் விதிப்படி அது அவசரத்துக்கு மட்டும். அவசரம் என்கிறாரா, அல்லது இவள் ஏற்கெனவே பயந்தவள், இன்னும் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று சுலபமாக எழுதினாரா? திருப்பிக் கேட்கலாம். கேட்டால், "சொன்னேனே, அம்மணி" என்பார்.

என் மகளுக்கோ அந்த விதியே தெரியாது. சாவி போட்டு எழுதியிருப்பதால் அவசரமில்லை என்று நான் நிம்மதியாக இருக்க முடியாது. இப்போது போய் அந்த விதியைச் சொல்லலாம்தான். சொன்னால், நான் எதைத் தேடுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஊகமும் இல்லை, 'இல்லை'யும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். பேசாத பிள்ளையை வளர்த்தவர்களும் இருப்பீர்கள், பேசாத பிள்ளையாக இருந்து வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். அவர்களிடம்தான் கேட்கிறேன். அந்தக் காகிதத்தில் இருக்கும் எண்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் யாராவது கழித்துப் பார்த்துவிடுவீர்கள். அது அவளுடையது. காகிதம் மசாலா டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. அது "நாய்க்குட்டி வேண்டும்" என்று இருந்தால், விடை தெரிந்தவள் ஊகிப்பதை அவள் கண்டுபிடித்துவிடுவாள், கழித்துப் பார்த்த குற்றத்துக்கு அவள் வகுப்பறையின் கதவை நானே சாத்திவிட்டவள் ஆவேன். வேறு ஏதாவது இருந்தால்? அக்கா மேசையில் தலையைச் சாய்த்துக்கிடந்த அன்று நாங்கள் ஃபேனை எண்ணிக்கொண்டிருந்தோம். இப்போதும் நான் ஃபேனைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளி வேன் நாலு மணிக்கு வந்துவிடும். இன்றைய ஊகம், கரும்பலகைக்கு மேலே இருக்கும் ஆணிகள். தயவுசெய்து சொல்லுங்கள்: நான் எண்ணிக்கொண்டே இருக்கட்டுமா, கழித்துப் பார்த்துவிடட்டுமா?